அலமாரியில் உறங்கும் சான்றிதழ்கள்

(நம் பள்ளியின் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய சிறப்புரை. பேசியதை அதிகம் மாற்றாமல் மலருக்கு எழுதித் தந்திருக்கிறேன்.)



மாணவச் செல்வங்களிடம் முதலில் ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பரிசளிப்பு விழாவுக்கு வருகிறவர் உங்களைப் பார்த்து "நன்றாகப் படியுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போவது வழக்கம். நீங்கள் நன்றாகத்தான் படிக்கிறீர்கள். அதனால் இன்று நான் உங்கள் அம்மா அப்பாவோடு பேசப் போகிறேன். நீங்கள் பரிசுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருங்கள், சத்தம் மட்டும் வேண்டாம்.

சற்று முன்னே மண்டப வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஒரு தகப்பனார் என்னிடம் வந்தார். சைபர்ஜெயாவில் ஒரு கம்பெனியில் நெட்வர்க் வேலை. டிப்ளோமாவோடு படிப்பை நிறுத்தியவர். "சார், என்கிட்ட சிசிஎன்ஏ இருக்கு, செக்யூரிட்டி பிளஸ் இருக்கு, இன்னும் ரெண்டு மூணு இருக்கு. ஆனா எனக்குக் கீழே வேலை கத்துக்கிட்ட பையன் டிகிரி வச்சிருக்கான்னு இப்ப எனக்கு மேலே உட்கார்ந்திருக்கான். இந்தச் சான்றிதழையெல்லாம் வச்சு என்ன பண்றது? வடை மடிக்கலாமா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். பத்து வருஷம் நானும் அப்படித்தான் சிரித்தேன்.

நான் பிரிக்பீல்ட்ஸில் வளர்ந்தவன். என் அப்பா ஒரு பட்டறையில் மெக்கானிக். இஞ்சின் ஓடும் சத்தத்தைத் தள்ளி நின்று கேட்டே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். புதிதாக வரும் படித்த இளைஞர்கள் அவரிடம்தான் தொழில் பழகினார்கள். பழகியபின் அவருக்கு மேலே போனார்கள். அப்பாவுக்கு அதில் கோபம் கிடையாது. "அவன்கிட்ட பேப்பர் இருக்கு, என்கிட்ட கைதான் இருக்கு" என்பார். ஓய்வு பெறும்போதும் அந்தக் கைதான் இருந்தது.

அப்பா காலத்தில் கையில் இருந்த அறிவைப் பேப்பராக மாற்ற ஒரு சாதாரணத் தொழிலாளிக்கு வழி தெரியவில்லை. இன்று நம் நாட்டில் அதற்குச் சட்டப்படியான வழி இருக்கிறது. அதன் பெயர் ஏப்பெல். பழக்கடை ஆப்பிள் இல்லைங்க! முன்னனுபவத்தின் வழி கற்றதற்கு அங்கீகாரம் கொடுக்கும் ஏற்பாடு அது. நடத்துவது மலேசியத் தகுதிநிலை நிறுவனம், அதாவது எம்.கியூ.ஏ. 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த அரசாங்க நிறுவனம். அலுவலகமும் அதே சைபர்ஜெயாவில்தான். வாசலில் என்னைக் கேட்ட அந்த அண்ணன் வேலைக்குப் போகும் ஊரிலேயே பதில் இருக்கிறது.

இதில் இரண்டு கதவுகளைப் பற்றிச் சொல்கிறேன். மக்கள் இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழம்புகிறார்கள். முதல் கதவு, உள்ளே நுழைவதற்கு. இளங்கலைப் பட்டம் இல்லாதவரும் முதுகலை வகுப்பில் சேர விண்ணப்பிக்கலாம். முப்பது வயதைத் தாண்டியிருக்க வேண்டும், குறைந்தது எஸ்.டி.பி.எம். அல்லது டிப்ளோமா அளவில் ஒரு தகுதி வேண்டும், படிக்கப்போகும் துறையில் வேலை அனுபவம் வேண்டும். திறனறித் தேர்வு எழுத வேண்டும், அனுபவத் தொகுப்பேடு ஒன்றும் கொடுக்க வேண்டும். இளங்கலைக்கு இருபத்தொரு வயது தாண்டினால் இதே மாதிரி ஒரு வழி இருக்கிறது. எஸ்.பி.எம்.மோடு நின்றவர்கள் மனம் தளர வேண்டாம், அந்தப் படியில் தொடங்கலாம்.

இரண்டாவது கதவுதான் இன்றைய பேச்சு. உள்ளே நுழைந்தபின், ஏற்கெனவே தெரிந்த பாடத்தை மறுபடி உட்கார்ந்து படிக்காமல், "இது எனக்குத் தெரியும், இதோ ஆதாரம்" என்று காட்டி அந்தப் பாடத்துக்குரிய கிரெடிட்டை வாங்கிக்கொள்வது. கம்பெனிகள் நடத்தும் கணினிச் சான்றிதழ்கள் உதவுவது இங்கேதான். மொத்தப் படிப்பில் 30 விழுக்காடு வரை இப்படிப் பெறலாம். பாடத்திட்ட வழி முதுகலை என்றால் குறைந்தது 40 கிரெடிட். அதில் 30 விழுக்காடு 12 கிரெடிட். ஒரு பாடம் மூன்று கிரெடிட் என்று வைத்துக்கொண்டால் நாலு பாடம். வேலை முடிந்து ராத்திரி எட்டு மணிக்குக் கணினி முன்னே உட்காரும் குடும்பஸ்தனுக்கு நாலு பாடம் என்றால் ஏறக்குறைய ஒரு வருஷத்து ராத்திரிகள். பிள்ளை முகத்தைப் பார்க்கும் ராத்திரிகள்.

எங்கே படிக்கலாம் என்று கேட்பீர்கள். கே.எல். சென்ட்ரலில் எல்.ஆர்.டி. ஏறினால் கிளானா ஜெயாவில் மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பதினோரு அரசுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 2000-ஆம் ஆண்டில் உண்டாக்கியது. பினாங்கில் வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். வேறு சிலவும் உண்டு. எந்த நிலையத்துக்கு இந்த மதிப்பீட்டை நடத்த அனுமதி இருக்கிறது என்ற பட்டியலை எம்.கியூ.ஏ. வைத்திருக்கிறது, முதலில் அதைப் பாருங்கள். வேலை பார்த்துக்கொண்டே வீட்டிலிருந்து படிப்பது நமக்கொன்றும் புதிதில்லை. 1971-இலேயே பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் வளாகத்துக்கு வெளியே இருந்தவர்களுக்குப் படிப்பை அனுப்பத் தொடங்கிவிட்டது. அன்று தபாலில் பாடம் வந்தது. இன்று இணையத்தில் வருகிறது, அவ்வளவுதான்.

இப்போது ஒரு கசப்பான செய்தி. சான்றிதழைக் கொண்டுபோய்க் கொடுத்தால் கிரெடிட் தரமாட்டார்கள்.

ஆமாங்க, தரமாட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன். பிளாஸ்டிக் ஃபைலில் ஆறு சான்றிதழ். ஒவ்வொன்றும் பளபளவென்று, கம்பெனி முத்திரையோடு. மதிப்பிடும் ஆசிரியர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நல்லது. இதைப் படித்து நீங்கள் என்ன கற்றுக்கொண்டீர்கள் என்பது எங்கே?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. அவர் கேட்டதுதான் சரி. அவர்கள் மதிப்பிடுவது காகிதத்தை அல்ல, காகிதத்துக்குப் பின்னால் இருக்கும் கற்றலை.

மணிக்கணக்காகவே பார்த்துவிடுவோம். நம் நாட்டுக் கணக்கில் ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேரக் கற்றல். வகுப்பு, வீட்டு வேலை, நூலகம், தேர்வு எல்லாம் சேர்த்து. மூன்று கிரெடிட் பாடம் என்றால் 120 மணி. நம்மவர் ஐந்து நாள் பயிற்சிக்குப் போய்த் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்குகிறார். நாளுக்கு எட்டு மணி என்றால் ஐந்து நாளைக்கு 40 மணி. அதாவது ஒரே ஒரு கிரெடிட் கனம். மீதி 80 மணி எங்கிருந்து வரும்? அவர் வேலையிலிருந்து வர வேண்டும். வெள்ளம் வந்த அன்று ராத்திரி சர்வர் விழுந்தபோது என்ன செய்தார், ஏன் அதைச் செய்தார், மறுமுறை எப்படி மாற்றினார் என்பதிலிருந்து வர வேண்டும். சான்றிதழும் அனுபவமும் இரண்டு கை மாதிரி. ஒரு கையால் ஓசை வராது.

அடுத்தது படிநிலை. நம் நாட்டுத் தகுதிநிலைக் கட்டமைப்பில் எட்டுப் படிகள். டிப்ளோமா நாலாவது, இளங்கலை ஆறாவது, முதுகலை ஏழாவது. நான் நாலு பாடத்துக்குக் கேட்டேன், மூன்றுக்குக் கிடைத்தது, ஒன்று தள்ளுபடி. தள்ளுபடியான பாடத்துக்கு நான் காட்டியது கணினியைப் பிரித்து மாட்டும் சான்றிதழ். கஷ்டப்பட்டு வாங்கியதுதான். ஆனால் அது "எப்படி" என்று கேட்கும் தேர்வு. முதுகலைப் பாடம் "ஏன்" என்று கேட்கிறது. அன்றைக்கு எனக்கு வருத்தம். இப்போது யோசித்தால், அதையும் கொடுத்திருந்தால் அந்தப் பட்டத்தின் மேல் எனக்கே மரியாதை குறைந்திருக்கும்.

ஏழாம் படிக்குச் சமமான தொழிற்சான்றிதழ் உலகத்தில் இல்லையா? இருக்கிறது. சிஐஎஸ்எஸ்பி என்ற கணினிப் பாதுகாப்புச் சான்றிதழை எடுத்துக்கொள்ளுங்கள். தேர்வில் தேறினால் மட்டும் போதாது, துறையில் ஐந்து வருஷ அனுபவமும் காட்டினால்தான் முழுத் தகுதி. 2020 மே மாதம் பிரிட்டனில் அயல்நாட்டுத் தகுதிகளை ஒப்பிடும் அமைப்பான நாரிக், இது முதுகலைப் படிநிலைக்கு ஒப்பானது என்று மதிப்பிட்டது. அமெரிக்காவில் 1997-இல் தொடங்கிய வெஸ்டர்ன் கவர்னர்ஸ் பல்கலைக்கழகம், இணையவழிக் கணினிப் பட்டங்களுக்கு உள்ளேயே தொழிற்சான்றிதழ் தேர்வுகளைக் கோத்து வைத்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் சார்ல்ஸ் ஸ்டர்ட் பல்கலைக்கழகம் இணையவழிக் கணினி முதுகலையில் இத்தகைய சான்றிதழ்களுக்குக் கிரெடிட் கொடுத்து வந்திருக்கிறது. படிநிலை ஒப்பானது என்றவுடனே கிரெடிட் தானாக விழுந்துவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள். எந்தப் பல்கலைக்கழகத்தில் சேருகிறீர்களோ அது ஏற்க வேண்டும். அதனால் பணம் கட்டுவதற்கு முன்னாலேயே, "என்னிடம் இன்னின்ன இருக்கிறது, எந்தப் பாடத்துக்குப் பொருந்தும்?" என்று எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சுப் பதிலை நம்ப வேண்டாம்.

தொகுப்பேடு என்றேனே, அதைத் தயாரிக்கும் வேலையில்தான் நிறையப் பேர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். எனக்கு இரண்டு மாதம் ஆனது. நான் செய்த முறையைச் சொல்கிறேன். கேட்கும் பாடத்தின் கற்றல் அடைவுகள் என்று நாலைந்து வரி இருக்கும். பல்கலைக்கழகத்தில் கேட்டால் கொடுப்பார்கள். அதை ஒரு தாளின் இடது பக்கம் எழுதினேன். வலது பக்கம் ஒவ்வொரு வரிக்கும் நேரே, சான்றிதழ் தேர்வின் எந்தப் பகுதி அதைத் தொடுகிறது, என் வேலையில் எப்போது அதைச் செய்தேன், யார் சாட்சி என்று எழுதினேன். எழுத எழுதத்தான் எங்கே ஓட்டை என்று தெரிந்தது. "பாதுகாப்புக் கொள்கையை ஆராய்ந்து மதிப்பிடுதல்" என்று ஒரு வரி. நான் கொள்கையை அமல்படுத்தியிருக்கிறேன், ஆராய்ந்ததில்லை. அந்த ஒரு வரிக்காக மூன்று வாரம் புத்தகம் படித்தேன். தொகுப்பேடு எழுத விரும்பாதவர்களுக்கு நேரடித் தேர்வு எழுதும் முறையும் உண்டு. எனக்குத் தேர்வு என்றால் வயிற்றைக் கலக்கும், அதனால் தொகுப்பேடு.

ஆதாரம் சேர்க்கும்போது ஒன்றில் கவனம். ஆபீஸ் நெட்வர்க் படத்தையும் கடவுச்சொல் பட்டியலையும் அப்படியே எடுத்துப் போய் இணைத்துவிடாதீர்கள். அது முதலாளியின் சொத்து. பெயரையும் எண்ணையும் மறைத்து, மேலாளரிடம் அனுமதிக் கடிதம் வாங்கி இணைக்க வேண்டும். பாதுகாப்புப் பாடத்துக்குக் கிரெடிட் கேட்டுப் போகிறவரே ரகசியத்தைக் கொட்டினால் எப்படிங்க இருக்கும்?

இன்னொன்று. சான்றிதழ் பால் மாதிரி, பட்டம் நெய் மாதிரி. பால் கெட்டுப்போகும். சிஸ்கோவின் சிசிஎன்ஏ, கொம்ப்டியாவின் செக்யூரிட்டி பிளஸ், இரண்டுக்கும் மூன்று வருஷம்தான் ஆயுள், பிறகு புதுப்பிக்க வேண்டும். ஒரு காலத்தில் எம்சிஎஸ்இ என்றால் சம்பளம் ஏறும். மைக்ரோசாஃப்ட் அதை 2021 ஜனவரி 31-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அதற்கும் முன்னே நோவெல் சான்றிதழ் வைத்திருந்தவர்கள் ராஜா மாதிரி நடந்தார்கள். இன்று நோவெல் என்றால் நாவலா என்று கேட்கிறான் என் மகன். ஆகவே பால் புதிதாக இருக்கும்போதே காய்ச்சுங்கள். தேர்வுப் பாடப்பகுதிகளின் பட்டியலையும் மதிப்பெண் தாளையும் அன்றைக்கே பத்திரப்படுத்துங்கள். நிறுத்தப்பட்ட தேர்வின் பட்டியலைப் பிறகு தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

பணத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. கிரெடிட் மதிப்பீட்டுக்கும் கட்டணம் உண்டு, இலவசம் இல்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் பல துறை நிறுவனங்கள் மனிதவள மேம்பாட்டு நிதிக்குச் சம்பளத்தில் ஒரு விழுக்காடு லெவி கட்டுகின்றன. சான்றிதழ் பயிற்சிக்கு அதிலிருந்து பணம் கேட்க வழி உண்டா என்று ஆபீஸில் விசாரியுங்கள். அது உங்கள் சம்பளத்தைக் கணக்கிட்டு முதலாளி கட்டிய பணம், கேட்க வெட்கப்படாதீர்கள். முதுகலைக்குக் கட்டும் பணத்துக்கு ஆண்டுக்கு 7,000 வெள்ளி வரை வருமான வரியில் கழிவு உண்டு.

எல்லாரும் போய் முதுகலை படியுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கை வேலையிலேயே மகிழ்ச்சியாக இருக்கிறவருக்கு, மேலும் ஒரு நல்ல சான்றிதழ் பட்டத்தைவிட அதிகச் சம்பளம் தரலாம். மேலாளர் நாற்காலிக்குப் போக நினைப்பவர், கல்லூரியில் கற்பிக்க ஆசைப்படுபவர், அரசு வேலையில் படி ஏற வேண்டியவர், இவர்களுக்குத்தான் பட்டம் கதவைத் திறக்கும். அரசு ஊழியர்கள் பொதுச் சேவைத் துறையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. தெரிந்த பாடம் எல்லாவற்றையும் தள்ளிவிடவும் வேண்டாம். தரவுத்தளப் பாடத்துக்கு நான் கிரெடிட் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, உட்கார்ந்து படித்தேன். பதினைந்து வருஷம் நான் செய்துவந்த ஒரு வேலையைத் தப்பாகச் செய்துவந்திருக்கிறேன் என்று அந்த வகுப்பில்தான் தெரிந்தது.

இதே ஆசையை வைத்து நம்மவரை ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கே ஒரு போன் வந்தது. "அண்ணே, உங்க அனுபவத்துக்கே மாஸ்டர்ஸ் குடுத்துருவோம், மூணு மாசம், கிளாஸ் கிடையாது, பட்டமளிப்பு விழா ஐந்து நட்சத்திர ஹோட்டல்ல" என்றார்கள். அங்கியும் குல்லாவும் வாடகைக்கு அவர்களே தருவார்களாம்! கிள்ளானில் கல்யாண மண்டபம் பிடிக்கிற மாதிரி பட்டம் பிடிக்கிறார்கள். நான் சொன்ன இந்தக் கிரெடிட் வழியில் 30 விழுக்காடு வரைதான் கழியும், மீதியை நீங்கள் படித்தே ஆக வேண்டும். முழுப் பட்டத்தையும் பணத்துக்குத் தருகிறேன் என்றால் ஓடி வந்துவிடுங்கள். எம்.கியூ.ஏ. வைத்திருக்கும் பதிவேட்டை இணையத்தில் யாரும் பார்க்கலாம். அதில் அந்தப் படிப்பின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பார்க்கத் தெரியாவிட்டால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் போனைக் கொடுங்கள், பார்த்துச் சொல்லிவிடும்.

கணினி வேலை செய்யாத பெற்றோர்களும் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். வயரிங், வெல்டிங், சமையல், தையல். உங்களுக்கும் இதே மாதிரி ஒரு வழி இருக்கிறது. திறன் மேம்பாட்டுத் துறையின் எஸ்.கே.எம். சான்றிதழை, வகுப்புக்கே போகாமல், செய்துவந்த வேலையைக் காட்டிப் பெறும் முறைக்கு பி.பி.தி. என்று பெயர். அதற்கும் தொகுப்பேடுதான் ஆதாரம். நாலாம் நிலைக்குப் போனால் அது திறன் டிப்ளோமா. அப்பா இன்று இருந்திருந்தால் முதலில் அவரைத்தான் அழைத்துக்கொண்டு போயிருப்பேன். "எதுக்குடா இந்த வயசுல" என்று திட்டியிருப்பார். திட்டிக்கொண்டே சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பியும் இருப்பார்.

நேரமாகிவிட்டது, செல்வங்கள் நெளிகிறார்கள். விழா முடிந்ததும் நான் கேண்டீனில்தான் இருப்பேன். சந்தேகம் உள்ளவர்கள் தாராளமாக வரலாம். வணக்கம்.

(மலருக்காகச் சேர்ப்பது: அன்று கேண்டீனுக்கு மூன்று பேர் வந்தார்கள். வாசலில் கேட்ட அந்த அண்ணன் ஒருவர். வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் எடுத்து வருவதாகச் சொல்லி, பாதி வடையோடு கிளம்பிவிட்டார். மற்றொருவர் முப்பத்து மூன்று வயது அம்மா, டிப்ளோமாக்காரர். ஐந்து வருஷம் வேலை பார்த்த கம்பெனி மூடிவிட்டது, அனுபவக் கடிதம் கொடுக்க ஆள் இல்லை. அவர் கைப்பேசியிலேயே கே.டபிள்யூ.எஸ்.பி. கணக்கைத் திறந்தோம். அந்த ஐந்து வருஷமும் மாதம் தவறாமல் முதலாளி கட்டிய சந்தா வரிசையாக நின்றது. அங்கேயே ஒரு காகிதத்தை வாங்கி, நடுவில் கோடு கிழித்து, இடது பக்கம் எழுத ஆரம்பித்தார்.)